ஓவர் சொல்லும்வரை

என் குரல் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத கறுப்புப் பென் டிரைவ். மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் புதுக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, எங்கள் வீட்டு ஹாலில் மூன்று பேர் உட்கார்ந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர், என் மகள், மகளைக் கட்டிய மாப்பிள்ளை. நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் என்னை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

தொண்டையில் வந்த கட்டிக்காக என் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு துணி. மூச்சு அந்த வழியாகத்தான். இனி என்னால் கத்த முடியாது, கிசுகிசுக்கக்கூட முடியாது. கோபம் வந்தால் மேஜையைத் தட்டலாம், கையைத் தட்டலாம், மார்க்கரால் எழுதி அழிக்கும் ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டலாம். போனில் டைப் செய்து நீட்டிப் பார்த்தேன். போன் கைக்குப் போனதும் இவர்கள் அதில் வேறு எதையோ பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் பலகைதான் என் கதி.

இதற்கு முன்னால் நான் ஒரு டாக்ஸி ஆபீஸில் ஒயர்லெஸ் மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரில் ஓடும் எங்கள் வண்டிகளையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தவள். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் கன்ட்ரோலக்கா. ஒயர்லெஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் பட்டனை அழுத்திப் பேசும்போது இன்னொருவரும் அழுத்தினால், இரண்டு பேச்சும் கரகரவென்று இரைந்து ஒன்றும் புரியாமல் போய்விடும். எனவே பேசுகிறவர் முடித்து, 'ஓவர்' என்று சொன்ன பிறகுதான் மற்றவர் வாயைத் திறக்க வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு டிரைவருக்கும் இதைத் திட்டித் திட்டித்தான் புரியவைத்தேன். குறுக்கே பேசியவனுக்கு அன்று நல்ல சவாரி கிடைக்காது. வேண்டுமென்றேதான் செய்வேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், ஆபரேஷனுக்கு முன்பே ஒரு யோசனை சொன்னாள். "உங்க குரலை இப்பவே பதிவு பண்ணி வச்சுக்குங்கம்மா. அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பட்டன் வச்சுக்கலாம். அழுத்தினா உங்க குரலே பேசும்." நல்ல பெண். ஆனால் பதிவு செய்ய அவள் கூட்டிப்போன அறையில் சுவரெல்லாம் பஞ்சு. அங்கே உட்கார்ந்து பேசினால், என் குரல் யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்தவள்போல அடக்கமாக வந்தது. அது என் குரலே இல்லை. வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

கடைசி நாள் வேலைக்குப் போனபோது, என் நாற்காலியில், என் மைக்கில் பேசினேன். அந்த மைக்கில் போகிற வருகிற பேச்சையெல்லாம் பதிவு செய்யும் பெட்டி ஒன்று என் மேஜைக்கடியில் இருக்கிறது. அதில் இந்தப் பென் டிரைவைச் செருகிவிட்டு, "எல்லா வண்டியும் கேட்டுக்கோங்க. இப்ப நான் கொஞ்ச நேரம் எனக்காகப் பேசப்போறேன். நான் ஓவர் சொல்றவரைக்கும் யாரும் பட்டனைத் தொடக்கூடாது" என்றேன். தண்ணி வேணும். வலிக்குது. விளக்கை அணைங்க. நன்றி. ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. பாப்பா, சாப்பிட்டியா. இப்படி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஊர் முழுக்க வண்டிகள் கேட்டுக்கொண்டிருந்தன. ஒருவனும் குறுக்கே வரவில்லை.

அந்தப் பெட்டி எழுதுவதை வேறு எந்தக் கம்ப்யூட்டராலும் படிக்க முடியாது. அது தனக்கென்று ஒரு முறையில் எழுதும். என் மேஜையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டு மாற்றி எடுத்தால்தான் மற்ற இடங்களில் ஓடும். வாடிக்கையாளர் யாராவது புகார் சொன்னால் நான் செய்கிற வேலைதான் அது. அன்று அழைப்புகள் குவிந்ததில் மாற்ற நேரமில்லை. பெட்டியில் இருப்பதோ சில நாளில் தானாக அழிந்து, அதன் மேல் புதுப் பேச்சு ஏறிவிடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். வாய் திறந்து, குரலோடு சொன்னேன். "இதை என் ஆபீஸ்ல குடுத்து மாத்தி வாங்கி வைங்க. அப்படியே போட்டா வேற எதுலயும் ஓடாது."

"சரி சரி" என்றார். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அந்தச் சரி சரியின் லட்சணத்தைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். மாற்றவே இல்லை. பீரோவில் வைத்திருந்ததை எடுத்து அப்படியே மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை கெட்டவரில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்காக அந்தக் கம்ப்யூட்டரை அவர்தான் வாங்கி வந்தார். பட்டன்கள் உள்ள அந்தப் புரோகிராமையும் அவர்தான் போட்டுக்கொடுத்தார். ஆனால் அவர் ஒரு கம்பெனியில் பத்துப் பேருக்கு மேலதிகாரி. ஒரு பொருள் தன் பேச்சைக் கேட்காது என்பதை அவரால் நம்ப முடியாது.

"கம்ப்யூட்டர் பென் டிரைவை எடுத்துக்கவே மாட்டேங்குது" என்றார். பிடுங்கி, ஊதிச் செருகினார். பக்கத்துத் துளையில் செருகினார். பின்பக்கத் துளையில் செருகினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். என் கணவர் அதை வாங்கிச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். எதைக் கொடுத்தாலும் சட்டையில் துடைப்பார், அதுதான் அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம்.

"டிரைவர் சரியில்லைன்னு நினைக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. ஏதோ கம்ப்யூட்டர் சமாசாரத்தைச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் டிரைவர் சரியில்லை என்று என் முன்னால் சொல்ல இந்த வீட்டில் யாருக்கு யோக்கியதை இருக்கிறது? அதைச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கியவள் நான்.

நான் பலகையை எடுத்து எழுத ஆரம்பித்தேன். 'இந்தப் பென் டிரைவ' என்று எழுதுவதற்குள் மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"ஆமா அத்தை, இந்தப் பென் டிரைவைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். நீங்க கவலைப்படாதீங்க."

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'ஆபீஸ்ல' என்றதும் என் கணவர் படித்துவிட்டார். "ஆபீஸைப் பத்தி இப்ப எதுக்கு நெனைக்கிற? அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க. நீ ரெஸ்ட் எடு."

மகளிடம் திருப்பினேன். அவளாவது படிப்பாள் என்று நினைத்தேன். 'மாத்தி' என்று எழுதியபோதே தலையாட்டினாள். "துணி மாத்தணுமா? இரும்மா, எடுத்துட்டு வர்றேன்." எழுந்தே போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நாக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது, தலைக்குள் வாக்கியம் முழுசாக இருக்கிறது. அதை எழுதி முடிக்க ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது. அந்த நேரத்தைக் கொடுக்க இந்த வீட்டில் யாருக்கும் மனமில்லை. முதல் இரண்டு வார்த்தையைப் பார்த்துவிட்டு மீதியை அவரவரே பேசிக்கொள்கிறார்கள். அதற்கு அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு திரும்பிக்கொள்கிறார்கள். குரல் போனதில்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் இல்லை. அது நோய், அதற்குக் கண் கிடையாது. இவர்களுக்குக் கண் இருக்கிறதே!

அப்போது திரையில் ஒரு கட்டம் வந்தது. மாப்பிள்ளை உரக்கப் படித்தார். "இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா? அப்பாடா! இப்பவாவது கண்டுபிடிச்சுதே. ஃபார்மட் கேக்குது மாமா, ஆமான்னு குடுத்துட்டா சரியாயிடும்."

"குடுங்க மாப்பிள்ளை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பது, புகார்ப் பதிவுகளோடு மாரடித்த எனக்குத் தெரியும். பத்துப் பேருக்கு மேலதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பென் டிரைவ் காலி என்று அவர் அதற்குள் முடிவு கட்டியிருந்தார். திரையில் அம்பு நகர்ந்தது. நான் மேஜையைத் தட்டினேன். "இருங்க அத்தை, ஒரே நிமிஷம்" என்றார் திரும்பாமலே. வாயைத் திறந்து கத்தினேன். கழுத்துத் துளையில் காற்று புஸ்ஸென்று வந்ததே தவிர, வேறு எதுவும் வரவில்லை.

ஓங்கி அவர் கையில் ஒரு அடி அடித்தேன். மௌஸ் கீழே விழுந்தது. பென் டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மாப்பிள்ளையைக் கை நீட்டி அடித்த மாமியார். எங்கள் இரண்டு வீட்டிலும் இதுவரை நடக்காத காரியம். மாற்றுத் துணியோடு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா! என்னம்மா இது? உனக்காகத்தானே அவரு ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உக்காந்து பாக்குறாரு!"

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை" என்று என் கணவர் கைகூப்பாத குறைதான். "ஆபரேஷனுக்கு அப்புறம் இவளுக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தியாயிடுச்சு."

பொய். கோபம் ஆபரேஷனுக்கு முன்னாலும் இதே அளவுதான். அப்போது அதற்குச் சத்தம் இருந்தது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே இன்னொன்று வைத்திருக்கலாம். "பரவாயில்ல மாமா. அத்தைக்கு அந்தப் பென் டிரைவ் மேல ஒரு பாசம். ஆனா அது இல்லாட்டியும் ஒண்ணும் குறையில்ல. இந்தப் புரோகிராம்லயே விதவிதமா குரல் இருக்கு. கேளுங்க." ஒரு பட்டனைத் தட்டினார். கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது.

"வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். தயவுசெய்து எனக்குத் தண்ணீர் தருகிறீர்களா?"

தேன் தடவிய குரல். செய்தி வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் கழுவி எடுத்து வைத்தது. இத்தனை வருட வாழ்க்கையில் நான் என் கணவரிடம் தயவுசெய்து தண்ணீர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"நல்லா இருக்கேம்மா" என்றாள் மகள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் என் கணவர். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "உன்னோடதைவிட இது சாந்தமா இருக்கு. இதையே வச்சுக்கலாமே."

நான் அவரைப் பார்த்தேன். இந்த மனிதனின் அப்பா சாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் வழி விடச் சொல்லிக் கத்தியது இந்தக் குரல். இவர் வண்டியிலிருந்து விழுந்தபோது என் டாக்ஸிகளைத் திருப்பி அனுப்பி அள்ளிக்கொண்டு போகச் சொன்னது இந்தக் குரல். அதை ஒரு பழைய சட்டையைப் போலக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையில் வாங்கியதை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார். எனக்கு அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்ற வைராக்கியத்தில் முந்தானை முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வாசலில் மணி அடித்தது. அடித்த விதத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஆபீஸ் டிரைவர், பட்டப்பெயர் ஹாரன். நின்றால், நடந்தால், தூங்கினால்கூடப் பேசிக்கொண்டிருக்கிற ஆள். நான் ஒயர்லெஸ்ஸில் அதிகமாகத் திட்டியது அவனைத்தான். கையில் என் பழைய ஹெட்செட்டும், மேஜை டிராயரில் கிடந்த என் டம்ளரும் இருந்தன.

"கன்ட்ரோலக்கா, எப்படி இருக்கீங்க? வணக்கம் சார். டிராயரைக் காலி பண்ணச் சொன்னாங்க, இதெல்லாம் உங்களது, வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு நானே எடுத்துட்டு வந்துட்டேன். நீங்க இல்லாம ஆபீஸ் ஆபீஸாவே இல்லக்கா, இப்ப போன்லயே சவாரி வந்துடுது, அது எங்க போகச் சொன்னாலும் போகணும், எதுத்து ஒரு வார்த்தை பேச முடியல. நேத்து பாருங்க, ஒரு பாலத்தை ஒடைச்சு நாளாச்சு, அது மேலயே போகச் சொல்லுதுக்கா..."

நான் பலகையைக் கையில் எடுத்தேன்.

ஹாரன் நிறுத்தினான். பாதி வாக்கியத்தில், பாலத்துக்கு நடுவிலேயே நிறுத்தினான். உட்காரக்கூட இல்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் மார்க்கரைப் பார்த்தபடி நின்றான்.

நான் எழுதினேன். நிதானமாக, முழு வாக்கியமாக எழுதினேன். நடுவில் என் கணவர், "அவ என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்தார். ஹாரன் அவர் பக்கம் திரும்பி, "சார், அக்கா லைன்ல இருக்காங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். என் கணவர் வாயை மூடிக்கொண்டார். பலகையில் இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதி முடித்தேன். கடைசியில், கை தானாகவே ஒரு வார்த்தையைப் போட்டது. அதற்குப் பிறகுதான் ஹாரன் சத்தமாகப் படித்தான்.

"இந்தப் பென் டிரைவ்ல இருக்கிறது ஆபீஸ் பெட்டியில பதிவு பண்ணினது. என் மேஜைக் கம்ப்யூட்டர்ல போட்டு மாத்தினாத்தான் வேற எதுலயும் ஓடும். ஃபார்மட் பண்ணினா என் குரல் போயிடும். ஓவர்."

மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அடிபட்ட கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டார். "நான் காலியா இருக்குன்னு நினைச்சேன் அத்தை" என்றார். குரல் இறங்கியிருந்தது. பாவம், அப்போதுதான் அவருக்கே பயம் வந்திருக்க வேண்டும்.

"அன்னிக்கு மைக்ல பேசினீங்களே, அதுவா?" என்றான் ஹாரன். "நாங்க எல்லாரும் வண்டியை ஓரம் கட்டிட்டு கேட்டோம்க்கா." அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. அவனுக்கே அப்படி ஆவதை அன்றுதான் பார்த்தேன். "வாங்க, போகலாம். அந்தக் கம்ப்யூட்டரை இன்னும் தூக்கிப் போடல."

ஹாரனின் டாக்ஸியில் எல்லோரும் போனோம். வழியெல்லாம் அவன் பாலத்துக் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தான்.

என் மேஜையில் தூசி படிந்திருந்தது. நாற்காலியில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள். அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பழைய கம்ப்யூட்டர் எப்போதும்போல முனகிக்கொண்டு எழுந்தது. பென் டிரைவைச் செருகினேன். அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வரிசையாகப் பதிவுகளைக் காட்டியது. ஒன்றைத் தொட்டேன்.

"பாப்பா, சாப்பிட்டியா."

கரகரப்பான, எப்போதும் ஏதோ சண்டைக்குத் தயாரான குரல். அழகான குரல் இல்லை. எனக்கு அது போதும். என் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். நானும் அழுதேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. கழுத்துத் துணி நனைந்துவிட்டது.

என் கணவர் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். "இதை நீ அப்பவே சொன்னே இல்ல?"

திரும்பிப் பார்த்தேன். பதில் சொல்ல எனக்குக் குரல் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் மாற்றி, இரண்டு மூன்று இடத்தில் நகல் எடுத்து, பென் டிரைவைச் சுத்தமாக்கி மாற்றியதை அதிலேயே ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். புதுக் கம்ப்யூட்டர் இப்போது மறுபேச்சில்லாமல் பென் டிரைவை எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பட்டன் வைத்துக்கொடுத்தார், இந்த முறை ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டு. முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

நான் பட்டன்களைப் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் எதை அழுத்துவது என்று யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அது கிடைக்குமா?

"வணக்கம்னு ஆரம்பிங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"நன்றி சொல்லும்மா அவருக்கு, கையில வேற அடிச்சுட்ட" என்றாள் மகள்.

"தண்ணியை அழுத்திப் பாரு, நான் கொண்டு வர்றேன்" என்றார் என் கணவர். "இல்ல, அவளுக்கு என்ன வேணும்னா..."

ஒரு பட்டனை அழுத்தினேன். டிரைவர்களிடம் நாள் தவறாமல் சொல்லி, அந்தக் கடைசி நாளிலும் பழக்கத்தில் சொல்லி வைத்த வாக்கியம்.

"குறுக்க பேசாத. நான் இன்னும் முடிக்கல."

ஹால் அதிர்ந்தது. சத்தத்தை மாப்பிள்ளை கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தார். மூன்று பேரும் வாயை மூடினார்கள். என் கணவர் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார், பழைய ஞாபகத்தில். மூன்று பேருடைய கண்ணும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று யாரும் ஊகிக்கவில்லை. காத்திருந்தார்கள்.

உண்மையில் எனக்கு அப்போது சொல்வதற்கு எதுவும் இல்லை. பட்டன்களின் கடைசி வரிசையில் 'ஓவர்' என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்த எனக்கு ஒரு அவசரமும் இல்லை.